பொதுமக்களுக்கு ஒரு நாற்காலி

சாவிக்காரர் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனது மனு கொடுக்க. திரும்பி வந்தது பொதுமக்களாக. இடையில் என்ன நடந்தது என்பதை அவர் தன் மனைவிக்கு மூன்று தடவை விளக்கிச் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புத்தி மட்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்தாவது படிக்கும்போதே கணக்கில் வாத்தியாரின் தப்பைத் திருத்தியவள் அவள். விஷயம் அப்படிப்பட்டது.

சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூல், சாவி வெட்டும் ஒரு இயந்திரம், ஆணியில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். அதுதான் அவர் கடை. வீடு, ஊரின் வடகோடித் தெருவில் கடைசி. வீட்டுக்குப் பின்னால் பெரிய காலி மைதானம். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலையில் அந்த மைதானத்தில் ஒரு லாரி வந்து பின்பக்கத்தைத் தூக்கியது. ஊரின் பழைய குப்பைக் கிடங்கு நிரம்பிவிட்டதாம்; தற்காலிக ஏற்பாடாம். மறுநாள் நான்கு லாரி. அடுத்த மாதம் குவியல் சமையலறை ஜன்னலை எட்டிப் பார்த்தது. இப்போது மொட்டைமாடியில் ஏறி நின்றால்தான் அதன் உச்சி தெரிகிறது.

எடுத்துக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். முடியாது. மாநகரமும் அதைச் சுற்றியுள்ள ஆறு ஊர்களும் சேர்ந்து வட்டாரத் திடக்கழிவு மேலாண்மைத் திட்டம் என்று ஒன்றைத் தீட்ட வேண்டும் என்பது அரசாணை. அந்தத் திட்டம் ஒப்புதல் ஆகும்வரை ஒரு கூடைக் குப்பைகூட எந்த ஊரின் எல்லையையும் தாண்டக்கூடாது. திட்டத்தைத் தீட்டுகிறவர்கள் பதினான்கு மாதமாகத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாவிக்காரரின் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது குப்பை வந்த எட்டாவது மாதத்தில். முதலில் படியேறினால் வாங்கியது. பிறகு பாத்திரம் தேய்த்தால் வாங்கியது. இப்போது ஒரு முழு வாக்கியம் பேசினால் வாங்குகிறது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"இன்னொரு மழைக்காலம் அந்த வீட்டுல இவங்க தாங்க மாட்டாங்க. குப்பைய நகர்த்துங்க. இல்லேன்னா இவங்கள நகர்த்துங்க."

மழைக்கு மூன்று மாதம் இருந்தது. நகர்த்த இடமும் இருந்தது. மனைவியின் தம்பி ஆற்றோர ஊரில் குடும்பத்தோடு இருக்கிறான், பஸ்ஸில் இரண்டு மணி நேரம், நல்ல காற்று. ஆனால் அவள் சம்மதிக்கவில்லை.

"என் வீட்ட விட்டு... நான் எதுக்குப் போகணும்? வந்தது அது. அதுதான்... போகணும்."

நியாயம்தான். அதனால்தான் அவர் கடையைச் சாத்திவிட்டு மனுவோடு கிளம்பினார்.

மாநகராட்சியின் மூன்றாவது மாடியில், அந்தத் திட்டத்தைத் தீட்டும் குழுவின் எழுத்தர் கையைப் பிசைந்துகொண்டு நடந்துகொண்டிருந்தார். ஏழு ஊர்ப் பிரதிநிதிகளோடு 'பொதுமக்கள் ஒருவர்' கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது என்பது விதி. இதுவரை பொதுமக்களாக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் காலமாகிவிட்டார். இரண்டு கூட்டம் ஏற்கெனவே தள்ளிப் போயிருந்தது. சாவிக்காரர் தயங்கித் தயங்கிக் கதவருகே வந்து நின்றதும் எழுத்தருக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி இருந்தது.

"நீங்க அரசாங்க உத்தியோகமா?"

"இல்லீங்க. சாவி போடுறேன்."

"கட்சி?"

"இல்லீங்க."

"குப்பையப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். வீட்டுக்குப் பின்னாலயே..."

"கொஞ்சம் தெரிஞ்சா போதும். நிறையத் தெரிஞ்சா நிபுணர் ஆயிடுவீங்க. அப்புறம் பொதுமக்கள் இல்ல." இப்படிச் சொல்லி எழுத்தர் அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அந்தக் கூடத்தில் ஜன்னல்களைத் திறக்க முடியாது. குளிரூட்டி ஓடிக்கொண்டே இருந்தது. எலுமிச்சை வாசனை வரும்படி எதையோ தெளித்திருந்தார்கள். நீளமான மேஜை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில், காகிதக் கோப்பை, இரண்டிரண்டாகச் சுற்றிய பிஸ்கட். சாவிக்காரர் முன்னால் ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். 'பொதுமக்கள்' என்று அதில் அச்சிட்டிருந்தது. தபால்காரர் போனாலும் பலகை அப்படியே பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததை மறைப்பானேன். மனுவை ஜன்னலில் கொடுத்துவிட்டு வருவதாக இருந்த மனுஷன், இப்போது ஆணையருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

ஆணையர் எழுந்து பேசினார். நல்ல கணீர்க் குரல்.

"இந்த வட்டாரத்துக்கு நாம தலைமை நகரம். தலைமை நகரத்தோட பங்கு என்ன? குப்பை அள்றதா? அத யார் வேணும்னாலும் அள்ளிடலாம். நம்ம பங்கு, வழிகாட்டுறது. பதினாலு மாசமா வழிகாட்டிக்கிட்டேதான் இருக்கோம். இதுவரைக்கும் ஒரு ஊர்கூட வழிதவறல. ஏன்னா இன்னும் யாரும் கிளம்பல. இதுதான் திட்டமிடலோட வெற்றி!"

கைதட்டினார்கள். சாவிக்காரரும் தட்டினார், எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது. தட்டி முடித்ததும் எழுந்து மனுவை நீட்டினார். ஆணையர் அதைப் பிரிக்காமலே, குழந்தை கையில் பொம்மையைத் திருப்பிக் கொடுப்பதுபோல இதமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க இப்ப குழுவோட உறுப்பினர். உறுப்பினர் தன் குழுவுக்கே மனு கொடுக்க முடியாதுங்க. வலது கை இடது கைக்கு மனு கொடுக்குமா?"

"அப்ப நான் எப்பிடிச் சொல்றதுங்க?"

"கடைசியில 'இதர பொருள்'னு ஒண்ணு வரும். நேரம் இருந்தா அப்ப சொல்லலாம்."

நேரம் இருக்கவில்லை. அன்று மட்டும் அல்ல, இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நடந்த எந்தக் கூட்டத்திலும் இருக்கவில்லை. ஒரு கூட்டம் முழுக்கத் திட்ட அறிக்கையின் அட்டைக்கு எந்தப் பச்சை என்பதில் போனது. இலைப்பச்சையா, கிளிப்பச்சையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, கடைசியில் ஆய்வுக்கு ஒரு துணைக்குழு போட்டார்கள். இன்னொரு கூட்டத்தில் திட்ட ஆலோசகர் திரையில் படம் ஓட்டினார். எப்போது பேசினாலும் படம் ஓட்டியே பேசுவதால் சாவிக்காரர் அவருக்கு மனசுக்குள் படக்காரர் என்று பெயர் வைத்திருந்தார். அன்றைக்கு விவாதம் 'குப்பை என்றால் என்ன?'

"சொந்தக்காரர் வேண்டாம்னு ஒதுக்கின பொருள்தான் குப்பை," என்றார் படக்காரர். "வடக்கு மைதானத்துல இருக்கறத வேண்டாம்னு மாநகராட்சி இன்னும் தீர்மானம் போடல. அதனால அது குப்பையே இல்ல. இடைக்கால இருப்பு."

"நாறுதுங்களே," என்றார் சாவிக்காரர்.

"நாத்தம் வரையறையில வரல," என்றார் படக்காரர் வருத்தத்தோடு. உண்மையிலேயே வருத்தம்தான், அடுத்த பதிப்பில் சேர்க்கப் பரிசீலிப்பதாகக் குறித்துக்கொண்டார்.

தெருவில் முதலில் அவருக்கு ஏக மரியாதை. நம்ம ஆளு உள்ளேயே உட்கார்ந்திருக்காரு, இனிக் கவலை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து எதிர்வீட்டம்மா ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள்.

"நாங்க இருபத்தாறு வீடும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினோம். திரும்பி வந்திருச்சு. என்ன எழுதியிருக்காங்க பாருங்க! 'தங்கள் தெருவின் பிரதிநிதி குழுவில் இருப்பதால் தங்கள் குறை ஏற்கெனவே கேட்கப்பட்டு வருகிறது.' கேக்குறாங்களா? நீங்க பேசுறீங்களா, இல்ல பிஸ்கட் தின்னுட்டு வர்றீங்களா?"

பிஸ்கட் தின்றது உண்மைதான். உள்ளே போனபோது மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால்மணி நேரம் ஆனது. அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கால்மணி நேரம் அவருக்குப் பயமாக இருந்தது.

"விட்டுடுங்களேன்... அந்தக் கூட்டத்த," என்றாள்.

"விட்டா, உள்ள பேச ஆளே இருக்காதே."

"இப்ப மட்டும்... இருக்கா?"

ஐந்தாவது கூட்டத்தில்தான் அவருக்கு விஷயத்தின் அடிவேர் பிடிபட்டது. குழுவில் எந்த ஊருக்கு எத்தனை வாக்கு என்பது அந்த ஊரின் எல்லைக்குள் கிடக்கும் குப்பையின் எடையைப் பொறுத்தது. யாருக்குப் பிரச்சனை பெரிசோ அவர்கள் சொல்லுக்குக் கனம் அதிகம் இருக்கட்டும் என்று எந்த நல்ல மனுஷனோ எழுதி வைத்த விதி. பத்து டன்னுக்கு ஒரு வாக்கு. மாநகரத்தின் தலைமைப் பதவியே அந்த எடையில்தான் நின்றது. எடையில் முக்கால்வாசி அவர் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது.

ஆற்றோர ஊரின் தலைவர் அன்று மேஜையைத் தட்டி ஆதங்கப்பட்டார்.

"எங்க ஜனங்க நாலஞ்சு வருஷமா வீட்லயே தரம் பிரிச்சு, மக்க வச்சு, குப்பையே இல்லாமப் பண்ணிட்டாங்க. அதுக்கு எங்களுக்குக் கிடைச்ச பரிசு என்ன? ரெண்டே ரெண்டு வாக்கு! இந்தச் சபையில எங்க ஊர் மானம் போகுது!"

"சுத்தம் வேற, செல்வாக்கு வேற," என்றார் ஆணையர். "ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

சாவிக்காரர் கையைத் தூக்கினார். இந்த ஒரு கேள்விக்காக அவர் பிற்பாடு தன் நாக்கையே கடித்துத் துப்பலாம் என்று நினைத்தார். அப்போது அது அவருக்கு அருமையான யோசனையாகத்தான் தோன்றியது. எந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்று நம்புகிற தொழில்.

"ஐயா, இன்னொரு ஊர்ல நம்மளவிட எடை அதிகமாயிடுச்சுன்னா தலைமை அவங்களுக்குப் போயிடுமா?"

"விதிப்படி போயிடும்."

"அப்புறம் நமக்கு அந்தக் குவியல் தேவைப்படாதே? எடுத்துடலாம் இல்லீங்களா?"

ஆணையர் முகம் சுருங்கியது. ஆற்றோரத் தலைவர் முகம் மலர்ந்தது. பாவம், சாவிக்காரர் மலர்ந்த முகத்தை மட்டும் பார்த்தார்.

அதற்கடுத்த கூட்டத்தில் ஆற்றோர ஊரின் எடை இருபது டன்னிலிருந்து நூற்று எண்பதுக்குத் தாவியது. மக்க வைக்கும் தொட்டிகளை மூடிவிட்டார்களாம். தரம் பிரிப்பவர்களுக்கு எச்சரிக்கை நோட்டீஸாம். 'உங்கள் வீட்டுக் குப்பை, ஊரின் உரிமை' என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்கிறார்களாம். மற்ற ஐந்து ஊர்களும் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு குவியல் முளைத்தது. சாவிக்காரர் ஒரு குறிப்பேட்டில் ஏழு ஊர்களின் எடையையும் எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினார்.

"பாரு, ஏறிக்கிட்டே வர்றாங்க! இன்னும் அம்பது டன் ஏறினா நம்மள முந்திடுவாங்க. நம்ம குவியலுக்கு அப்புறம் இங்க என்ன வேலை?"

அவள் எண்களைப் பார்த்தாள். ஆற்றோர ஊர் என்ற வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஏதோ கேட்க வாயெடுத்து, மூச்சு போதாமல் விட்டுவிட்டாள்.

முந்தவில்லை. மாநகராட்சி, இதுவரை எடைக் கணக்கில் சேராமலிருந்த பழைய கிடங்குக் குப்பையையும் அள்ளி வந்து இந்த மைதானத்தில் போட்டது. ஊர் எல்லையைத் தாண்டவில்லையே, விதிப்படி சரிதான். எடைபோட வசதியாக எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். வீட்டுப் பின்சுவரில் விரிசல் விட்டது. கருப்பாக ஒரு நீர் கசிந்து சமையலறைக்குள் வந்தது. முதல் மழை சொன்ன நாளுக்கு முன்னாலேயே பெய்ய, அன்று மாலை மனைவியின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. ஆட்டோவில் போட்டு டாக்டரம்மாவிடம் ஓடினார். ஆக்ஸிஜன் முகமூடி வைத்து இரண்டு மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்ததும், அவர் அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார்.

"மழை முடியற வரைக்குமாவது தம்பி வீட்டுக்குப் போயிடு."

"சரி," என்றாள். அவள் அப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டதுதான் அவரை அதிகம் உலுக்கியது.

புதன்கிழமை காலைப் பஸ். செவ்வாய்க்கிழமை, திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் கடைசிக் கூட்டம். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அவர் கூட்டத்துக்குப் போனார். இந்தத் தடவை அவர் 'இதர பொருளை' நம்பவில்லை. நிகழ்ச்சி நிரலிலேயே ஒன்பதாம் பொருளாக வடக்கு மைதானம் இருந்தது. பேச வேண்டியதை முந்தின நாளே எழுதி, கண்ணாடி முன் நின்று பேசியும் பார்த்திருந்தார். வழக்கம்போலக் கைப்பேசிகளை அணைத்து ஒரு தட்டில் போடச் சொன்னார்கள். போட்டார்.

எட்டாம் பொருள் முடிந்தது. சாவிக்காரர் காகிதத்தைப் பிரித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் ஆணையர். "நம்ம பொதுமக்கள் உறுப்பினரோட வீடு அந்த மைதானத்துக்கு ஒட்டினாப்ல இருக்கு. சொந்த நலன் சம்பந்தப்பட்டிருக்கறதால, நேர்மை விதிப்படி இந்தப் பொருள் முடியற வரைக்கும் அவர் வெளியில இருக்கணும். தப்பா நினைக்காதீங்க. நேர்மையில நாங்க சமரசம் பண்றதே இல்ல."

"அப்ப பொதுமக்கள் சார்புல யாருங்க பேசுவா?"

"பலகை இருக்கே."

எழுத்தர் அவர் தோளைத் தொட்டு அழைத்துப் போனார். கதவு சாத்திக்கொண்டது. கையில் பேசப்படாத காகிதத்தோடு சாவிக்காரர் வராந்தாவில் நின்றார். அங்கே சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவருக்கு முதலில் நம்ப முடியவில்லை. மூன்று மாடி. லிஃப்ட் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் ஏறி ஏறி இறங்க, அவள் அவரைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாள். இரு, மூச்சு வரட்டும் என்று.

"நீ எதுக்கு வந்தே? எப்பிடி ஏறினே?"

"போன் அடிச்சேன்... எடுக்கல. தம்பி... பேசினான்."

"என்னவாம்?"

"'அக்கா, வராதே'ங்கறான். அவன் வீட்டுப் பக்கத்துல... பள்ளிக்கூடத்து மைதானத்துல... மலையாக் கொட்டியிருக்காங்களாம். அவன் சின்னதுக்கே... ராவெல்லாம் இருமலாம். மாமாவ வேற எங்கேயாவது... பாக்கச் சொல்லுன்னு... அழறான்."

நூற்று எண்பது டன். அதை அவர் சந்தோஷத்தோடு குறிப்பேட்டில் எழுதினாரே! டன் என்றால் எங்காவது, யார் வீட்டுப் பக்கத்திலாவது கிடக்க வேண்டுமே என்று ஒரு கணம்கூட அவருக்குத் தோன்றவில்லை. குழுவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கும் அது வெறும் எண்ணாகிவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை பெண்டாட்டியையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டது.

உள்ளே பலமாகக் கைதட்டல் கேட்டது. எழுத்தர் சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தார்.

"முடிஞ்சது, வாங்க. ஒரே ஒரு கையெழுத்துதான்."

மேஜையில் இலைப்பச்சை அட்டை போட்ட திட்டம் விரித்திருந்தது. வடக்கு மைதானக் குவியல் இனி 'நிரந்தர வட்டார இருப்பு'. அதன் எடை எக்காலத்துக்கும் மாநகரத்தின் கணக்கில்; யாராலும் தலைமையைப் பறிக்க முடியாது. அதன் கீழே ஒரு வரி: 'பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை எழவில்லை.'

"நான்தான் வெளிய நின்னேனே," என்றார் சாவிக்காரர்.

"அதத்தான் எழுதியிருக்கோம்," என்றார் ஆணையர் பொறுமையாக. "எழவில்லை."

"எனக்கு ஆட்சேபணை இருக்கு."

"இருக்கட்டும். ஆனா அது உங்க சொந்த ஆட்சேபணை. நீங்க இங்க பொதுமக்களாத்தான் கையெழுத்துப் போடுறீங்க."

பேனாவை யாரோ அவர் விரல்களுக்கிடையே செருகியிருந்தார்கள். திறந்த கதவு வழியாக வராந்தாவிலிருந்து இருமல் சத்தம் வந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். எழுத்தர் கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க!" அவர் அந்தக் கூடத்தில் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. "நான் பொதுமக்கள் இல்லீங்க. அங்க உக்காந்து இருமுறாளே, அவ புருஷன்."

பேனாவைத் திட்டத்தின்மேல் போட்டுவிட்டு அவர் வெளியே வந்தார். பின்னால் ஆணையரின் கணீர்க் குரல் எழுத்தருக்குச் சொல்லிக்கொடுப்பது கேட்டது. 'குடும்பக் காரணங்களுக்காக உறுப்பினர் விலகினார். கூட்டத் தொடக்கத்தில் அவர் வருகை பதிவாகியிருப்பதால் தீர்மானம் செல்லும்.' மறுபடியும் கைதட்டல்.

மனைவியைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார வேண்டியிருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் படியிலேயே சாய்ந்துவிட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவதற்கு அந்தப் பேச்சுக் காகிதத்தை எடுத்தார். விசிறிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"தம்பி ஊருக்குக் குப்பைய அனுப்பி வச்சது நான்தான். என் வாய்தான். நான் கேட்ட கேள்வியிலதான் அவங்களுக்கு அந்த யோசனையே வந்துச்சு. நம்மளுத எடுப்பாங்கன்னு நினைச்சேன். உனக்காகத்தான்..."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவளிடம் அவ்வளவு மூச்சு இல்லை. இருக்கிற மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"அது சரி... காத்து இருக்கற ஊரா... ஒண்ணு சொல்லுங்க. அங்க போவோம்."

சாவிக்காரர் யோசித்தார். அவருக்கு ஏழு ஊர்களின் பெயரும் எடையோடு மனப்பாடமாக வந்தன. எட்டாவது ஊர் ஒன்று அவருக்குத் தெரியவில்லை.